ஒரே கடலடித் தளத்துக்கே மீண்டும் மீண்டும் போவது வீணா?

ராணிப்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில், ஸ்கூபாவின் (காற்றுச் சிலிண்டரோடு முக்குளிப்பதன்) முதல்நிலையான ஓபன் வாட்டர் சான்றிதழ் பெற்ற அவர், அன்றிலிருந்து விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அந்த ஊர்க் கரைக்கு அப்பால், சுமார் 18 மீட்டர் ஆழத்தில் மணல்தரையில் அமைக்கப்பட்ட ஒரே செயற்கைப் பாறைத்திட்டுக்கே போய்வருகிறார். சனி ஞாயிறு இரண்டு நாளும் நாளைக்கு இரண்டு டைவ் என்பது அவருடைய வழக்கம். உடன் பயிற்சி பெற்றவர்கள் அந்தமான், மாலத்தீவு, பாலி என்று புதிய இடங்களின் படங்களைக் காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர், 'ஒரே இடத்தில் நூறு முறை இறங்கினாலும் அது ஒரு முறை இறங்கிய அனுபவம்தான்' என்று சொல்லிவிட்டாராம். இப்படிப் போவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடா என்று கேட்கிறார். ஞாயிறு மாலை திரும்பியதும் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போகலாமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். கேள்வி செலவைப் பற்றியதாகத் தெரிந்தாலும், அவர் உண்மையில் அறிய விரும்புவது, அந்தத் தளத்தில் தாம் சேர்த்துக்கொண்டிருப்பது அனுபவமா, வெறும் எண்ணிக்கையா என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.

நான் காட்பாடிக்காரன். புதுச்சேரியிலும், 2018 டிசம்பரில் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய ஹேவ்லாக்கிலும் பல ஆண்டுகள் ஸ்கூபா பயிற்றுநராக வேலை பார்த்துவிட்டு, இப்போது வேலூரில் இருந்துகொண்டு வார இறுதிகளில் மட்டும் கடலுக்குப் போகிறேன். ஒரு சில தளங்களுக்கே நாள்தோறும் ஆட்களை அழைத்துப்போவதுதான் அந்த வேலை. ஆகவே பழகிய தளத்தின் பக்கம் எனக்குச் சற்றுச் சார்பு இருக்கலாம், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நான் கடல் உயிரியலாளனோ மருத்துவனோ அல்லன். மீன்களைப் பற்றியும் உடலைப் பற்றியும் சொல்வது, பயிற்றுநர்கள் படித்தாக வேண்டிய அளவுக்குப் படித்ததும் நீருக்கடியில் பார்த்ததும் மட்டுமே.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வழிகாட்டியின் துடுப்புகளைப் பார்த்தபடியே பின்னால் நீந்தி, அவர் காட்டியதைப் பார்த்து, அவர் மேலே ஏறச் சொன்னபோது ஏறி, படகில் தேநீர் குடித்துத் திரும்புகிறவர் எத்தனை முறை இறங்கினாலும் அவரிடம் புதிதாக எதுவும் சேர்வதில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் பாலிக்குப் போனாலும் நிலைமை அதுதான். இடம் மாறாமல் இருப்பதில் ஒரு பெரிய வசதி உண்டு: மாறுவது வேறு எது என்று கண்டுகொள்ள முடிகிறது. ஆழமும் தரையும் பாதையும் நிலையாக இருக்கும்போது, உங்கள் உடல் பழகியிருப்பதும், கடல் அன்று வேறாக இருப்பதும், மீன்கள் குறைந்திருப்பதும் தனித்தனியே கண்ணுக்குப் புலப்படும். புதிய இடத்தில் இவை எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, 'அருமையாக இருந்தது' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

இதை ஒரு கணக்கால் விளக்குகிறேன். நம் ஊரில் பெரும்பாலும் வாடகைக்குத் தரப்படும் அலுமினியச் சிலிண்டரின் உள்ளளவு சுமார் 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) காற்று அடைக்கப்படுகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், சராசரி ஆழம் 15 மீட்டராக இருந்தால் நீங்கள் 2.5 மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறீர்கள். ஒருவர் தம் முதல் டைவ்களில் 35 நிமிடத்தில் 150 பார் தீர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். 150-ஐ 11-ஆல் பெருக்கி, 35-ஆலும் 2.5-ஆலும் வகுத்தால், கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லிட்டர் என்று வருகிறது. பின்னொரு நாள் அதே தளத்தில் அதே சராசரி ஆழத்தில் 45 நிமிடம் இருந்து 120 பார் மட்டும் செலவழித்தால் அது 12 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த வேறுபாடு பதற்றம் குறைந்ததாலும், கைகளை அடித்து நீந்தும் பழக்கம் போனதாலும், உடல் கிடைமட்டமாக நின்றதாலும் வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம், ஏனெனில் மற்றவை மாறவில்லை. நீரோட்டம் எதிர்த்த நாளின் எண்ணை அமைதியான நாளின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது. அதற்காகவே நீரோட்டத்தையும் குறித்துவைக்க வேண்டும். புதுத் தளங்களுக்கே போகிறவரால் இந்தக் கணக்கைப் போட முடியாது என்றில்லை, ஆனால் எண் குறைந்ததற்குத் தாம் காரணமா தளம் காரணமா என்று அவருக்குத் தெரியாது.

மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் எடைக் கட்டிகளின் கதையும் இதே போன்றது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் நீச்சல் குளத்தில் பயிற்சி செய்துவிட்டுக் கடலுக்கு வருவார்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. உடலும் கருவியும் சேர்ந்து 100 கிலோ இருக்கும் ஒருவர், குளத்தில் போதுமாக இருந்த எடைக்கு மேல் சுமார் இரண்டரைக் கிலோ சேர்த்தால்தான் கடலில் இறங்க முடியும். இதைக் கேட்டுக் கொண்டவர்கள் பயத்தில் நான்கு ஐந்து கிலோ சேர்த்துவிடுகிறார்கள், பிறகு அந்தக் கூடுதல் எடையைத் தூக்கிப் பிடிக்க பிசிடியில், அதாவது காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கியில், காற்றை ஏற்றுகிறார்கள், ஆழம் கொஞ்சம் மாறினாலும் அந்தக் காற்று சுருங்கி விரிந்து அவர்களை மேலும் கீழும் இழுக்கிறது. ஒரே தளத்துக்கு வருகிறவர் ஒவ்வொரு முறையும் அரைக் கிலோ குறைத்துப் பார்க்கலாம். சிலிண்டரில் 50 பார் மிஞ்சியிருக்கும்போது 5 மீட்டர் ஆழத்தில் பிசிடியைக் காலியாக்கி மூன்று நிமிடம் அசையாமல் நிற்க முடிகிறதா என்பதே சோதனை. இந்த ஒன்று கைவந்தால், முக்குளிப்பில் மற்றவை பாதி தாமாகவே வரும் என்பது என் கருத்து.

நம் பக்கத்தில் நீச்சலைக் கிணற்றில் கற்றவர்கள் அதிகம் என்பதால் இங்கே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுச்சுவர் மேலிருந்து குதித்து, மூச்சை அடக்கி அடியைத் தொட்டு வருவது கிணற்றில் திறமை. ஸ்கூபாவில் மூச்சை அடக்குவதே முதல் பெருந்தவறு: ஆழத்தில் அழுத்தத்தோடு உள்ளிழுத்த காற்று மேலேறும்போது விரிகிறது, அது வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரல் கிழியும், சில மீட்டர் ஏற்றமே அதற்குப் போதும். சிறுவயதில் ஊறிய பழக்கம் பதற்றத்தில்தான் தலைதூக்கும். முகமூடிக்குள் நீர் புகுந்த கணத்தில் மூச்சை நிறுத்தாமல் இருக்கப் பழகுவதற்கு, சுற்றுப்புறம் பழகிப்போன தளத்தைவிட நல்ல இடம் இல்லை. வேடிக்கை பார்க்க எதுவும் மிச்சமில்லாத டைவில்தான் முகமூடியைக் கழற்றி மாட்டுவதையும், துணைவரின் மாற்று ரெகுலேட்டரை (சிலிண்டர்க் காற்றை மூச்சுக்குத் தரும் வாய்க்கருவியை) கேட்டு வாங்குவதையும் நிதானமாகச் செய்து பார்க்க மனம் வரும்.

இனி மறுபக்கம். புதுச்சேரியின் மணல்தரைத் திட்டு கற்றுத்தராதவை நிறைய உண்டு. அடியே தெரியாத செங்குத்துச் சுவரின் ஓரத்தில் மிதந்து ஆழத்தைக் கட்டுப்படுத்துவதையும், நீரோட்டத்தோடு அடித்துச் செல்லப்பட்டபடி டைவ் செய்வதையும், 30 மீட்டரில் நைட்ரஜன் தரும் மயக்கத்தை அடையாளம் காண்பதையும் அங்கே கற்க இயலாது. அதைவிட முக்கியமாக, நீங்கள் அந்தத் தளத்தை அறிவீர்களா, அல்லது உங்கள் வழிகாட்டி அதை அறிவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை அவர் பின்னால் வர, திசைகாட்டியோடு நீங்கள் முன்னால் போக அனுமதி கேளுங்கள். நங்கூரக் கயிற்றிலிருந்து புறப்பட்டுத் திட்டைச் சுற்றி அதே கயிற்றுக்கு வந்து சேர முடிந்தால் உங்களுக்கு அந்த இடம் தெரியும். மணலில் அலை வரைந்த வரிகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும் என்பதும், படகு நங்கூரமிட்ட பக்கத்தில் வெளிச்சம் எந்தத் தோளில் விழுந்தது என்பதும் வழி கண்டுகொள்ளப் போதுமான தடயங்கள். பல முறை வந்தவர்கள் இந்தச் சோதனையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த இரண்டு மூன்று டைவ்களிலேயே தேறிவிட்டதையும் பார்த்திருக்கிறேன்.

பார்க்க இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ற பகுதிக்கு வருகிறேன். முதலில் தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கிழக்குக் கரையை ஒட்டிய பெரிய நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கியும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கியும் ஓடுகிறது. இது கடலியலாளர்கள் நன்கு அளந்து உறுதிசெய்த செய்தி. ஆனால் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஒரு திட்டில், ஒரு குறிப்பிட்ட காலையில், நீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை அந்தப் பெரும்போக்கை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. காற்றும் அலையும் அதை மாற்றும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகள் வண்டலைக் கடலில் கொட்டுகின்றன. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய பாலாற்றை நம் ஊரார் பாலங்களில் நின்று வேடிக்கை பார்த்தோம். அந்தச் செந்நீர் கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் கலந்தது, அந்தப் பருவத்தின் கரையோர நீரோட்டமோ தெற்கு நோக்கியது. அதன் கலங்கல் புதுச்சேரி வரை வந்ததா என்பதை அளந்தவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் ஊகிக்க மாட்டேன். ஆனாலும் பாலாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, ஆம்பூரில் பெய்யும் மழைக்கும் கடலடியின் தெளிவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்பதை யோசிக்கவைத்ததே ஒரே இடத்துக்கு எல்லாப் பருவத்திலும் போனதுதான். கோடையில் மேல்நீர் இளஞ்சூடாக இருக்க, ஒரு கட்டத்துக்குக் கீழே கையை நீட்டினாலே குளிரும் நீரடுக்கு இருக்கும் நாள்களையும் அப்படித்தான் கண்டுகொண்டேன்.

உயிரினங்களைப் பொறுத்தவரை, தொடர்ந்து போகிறவருக்கு மட்டுமே தெரிபவை சில உண்டு. அந்தமானில் ஒரு கடல் சாமந்தியில் (பூப்போல விரியும் கடல் விலங்கில்) குடியிருக்கும் கோமாளி மீன் குடும்பம் அதை விட்டு அதிக தூரம் போகாது. அந்தக் குழுவில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை முட்டை வைக்காத சிறியவை. பெண் இறந்தால் ஆண் பெண்ணாக மாறும், சிறியவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். சாமந்தியை ஒட்டிய பாறையில் முதலில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும் முட்டைகளில் சில நாள்களில் வெள்ளிக் கண்கள் தோன்றி, சுமார் ஒரு வாரத்தில் குஞ்சு பொரிந்துவிடும். ஒரே ஒரு நாள் வருகிற சுற்றுலாப் பயணிக்கு அது அழகான ஒரு மீன். வாரம் முழுவதும் வருகிறவருக்கு ஒரு வீட்டின் நடப்பு. புதுச்சேரித் திட்டிலும் பாம்பு போல நீண்ட அஞ்சாலை மீன்கள் ஒரே பொந்தில் தலைநீட்டுவதையும், கலவா மீன்கள் ஒரே கல்லின் நிழலில் நிற்பதையும் மீண்டும் மீண்டும் காணலாம்.

ஆனால் சென்ற மாதம் பார்த்த கலவாவே இது என்று உறுதியாகச் சொல்வதில் கவனம் தேவை. திமிங்கிலச் சுறாவின் புள்ளிகளையும் ஆனைத்திருக்கையின் வயிற்றுக் கறைகளையும் படமெடுத்து ஒப்பிட்டுத் தனி விலங்குகளை அடையாளம் காண்பது நிலைபெற்ற ஆய்வுமுறை. கலவாவுக்கோ அஞ்சாலைக்கோ தெளிவான வடுவோ குறையோ இருந்தாலொழிய, நல்ல பொந்து காலியாக, வேறொன்று வந்து குடியேறியிருக்கும் வாய்ப்பை ஒதுக்க முடியாது. வழிகாட்டிகள் மீன்களுக்குப் பெயர் வைத்து அழைப்பது பயணிகளுக்குப் பிடிக்கும். சான்றாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீன்கள் நம்மை அடையாளம் காணுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இதை நான் முன்பெல்லாம் சிரித்து ஒதுக்கிவந்தேன். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மத்தியதரைக் கடலில், கோர்சிகா தீவருகே செய்து 2025-ல் வெளியிட்ட சோதனையில், இரண்டு இனக் காட்டு மீன்கள் தங்களுக்கு உணவு தரும் முக்குளிப்பாளரை, தராத மற்றொருவரிடமிருந்து பிரித்தறிந்து பின்தொடர்ந்தன. இருவரும் ஒரே மாதிரியான கருவிகளையும் உடையையும் அணிந்தபோது அந்தத் திறன் போய்விட்டது. ஆகவே அவை பார்த்தது பெரும்பாலும் துடுப்பின் நிறத்தையும் உடையின் வண்ணத்தையும் என்று கொள்ளலாம். உணவு காட்டிப் பழக்கிய அந்த மீன்களின் நடத்தையை, உணவே தராத உங்கள் புதுச்சேரிக் கலவாவுக்கு நீட்டிப்பது சரியாகாது. மீன் உங்களை அறிய வேண்டும் என்பதற்காகப் பிஸ்கட்டோ முட்டையோ கொண்டுபோவது அதைவிடத் தவறு. கை நீட்டும் எவரிடமும் பாய்ந்து வரும் அஞ்சாலை, அடுத்து வருபவரின் விரலைக் கடித்துவிடும்.

செயற்கைத் திட்டுகள் மீன் வளத்தைப் பெருக்குகின்றனவா, அல்லது சுற்றியிருக்கும் மீன்களை ஓரிடத்தில் கூட்டுகின்றனவா என்ற விவாதம் உலகெங்கும் இன்னும் முடியவில்லை. நம் மாநிலக் கடற்கரையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நீண்டகாலமாகவே இத்தகைய அமைப்புகளை இறக்கிவருகிறது. திட்டு வைத்தபின் அங்கே மீன் கூடுவது ஐயமற்றது. அந்த மீன் வேறெங்கும் குறையவில்லையா என்பதற்கு விடை இடத்துக்கு இடம், இனத்துக்கு இனம் வேறுபடும் என்பதே நான் படித்தவற்றின் சாரம். நீங்கள் ஒரே திட்டை மட்டும் பார்ப்பதால் இந்தக் கேள்விக்கு உங்கள் கண்ணால் விடை காண முடியாது. ஆனால் அந்தத் திட்டில் எந்தக் கல்லில் முதலில் என்ன படிந்தது, வெற்றுக் கான்கிரீட் எத்தனை காலத்தில் மூடியது என்பதை உங்களைப் போன்ற ஒருவர் எழுதிவைத்தால், அதைத் தேடிவரும் ஆய்வாளர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

ஒரே இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்து எழுதிவைப்பது தமிழ்க் கடற்கரைக்குப் புதிதன்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், பார் எனப்படும் சிப்பி விளையும் கடலடித் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் சென்று மாதிரிச் சிப்பிகளை எடுத்து வயதையும் செறிவையும் பார்த்த பிறகே அந்த ஆண்டு குளிக்கலாமா கூடாதா என்று அரசு முடிவுசெய்தது. குளிப்பில்லாமல் கழிந்த ஆண்டுகளே மிகுதி. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. அந்தப் பார்கள் முன்பு எப்படி இருந்தன என்று இன்று பேச முடிவது, பலனில்லாத ஆண்டுகளிலும் போய்ப் பார்த்தவர்கள் குறிப்பு வைத்ததால்தான். பதிவில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-ல் எழுதினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் முதன்முதலில் பார்த்த கடலையே இயல்பானது என்று கொள்கிறது, அதற்கு முந்திய இழப்பு அதன் கணக்கில் வருவதே இல்லை. அந்தமானிலும் மன்னார் வளைகுடாவிலும் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016-க்குப் பின் அங்கே முதல்முறை இறங்குகிறவர், உடைந்த கிளைப்பவளக் குவியலின் மேல் நீந்தியபடி, எவ்வளவு வண்ணம் என்று வியக்கிறார். அவர் வியப்பு பொய்யன்று, ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை.

எழுதும்போது அளவோடு இருங்கள். டைவ் முடிந்ததும் தேதி, அடிநீர் வெப்பம், நீரோட்டத் திசை, பார்வைத் தொலைவு, முன்கூட்டியே தேர்ந்த ஐந்தாறு இனங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் குறித்தால் போதும். 1996-ல் தொடங்கிய ரீஃப் செக் என்ற உலகளாவிய தன்னார்வ முறையிலும், எல்லாவற்றையும் எண்ணாமல் சில சுட்டு இனங்களையே எண்ணுகிறார்கள். தரையை, நீட்டிய அளவுநாடாவில் அரை மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் பதிகிறார்கள். தெளிவான நாளில் அறுபது மீனும் கலங்கிய நாளில் இருபதும் எண்ணினால், குறைந்தது மீனா உங்கள் பார்வையா என்று கேட்டாக வேண்டும். பார்வைத் தொலைவைக் குறிக்காத எண்ணிக்கையை நான் பயன்படுத்த மாட்டேன். முதல் சில டைவ்களின் எண்களையும் ஒதுக்கிவிடலாம். கண் பழகப் பழக மீன் பெருகியதுபோலத் தோன்றும்.

அடிக்கடி போகிறவர்களால் தளத்துக்கே கேடு வராதா என்றும் நீங்கள் யோசிக்க வேண்டும். கரீபியக் கடலிலும் செங்கடலிலும் ஆய்வு செய்தவர்கள் 1990-களில், ஒரு பவளத் தளம் ஆண்டுக்கு ஐயாயிரம் முதல் ஆறாயிரம் டைவ்கள் வரை தாங்கும், அதற்கு மேல் சேதம் விரைவாகக் கூடும் என்று மதிப்பிட்டார்கள். அதை எல்லா இடத்துக்கும் பொருத்துவது ஆபத்து. மெல்லிய கிளைப்பவளத் தளமும் கான்கிரீட் திட்டும் ஒன்றல்ல. துடுப்பால் மணலைக் கிளப்பாத ஒருவர் பலமுறை வருவதைவிட, எடை கூடிப்போய்த் திட்டின் மேல் கையூன்றி நிற்பவர்கள் ஒரே முறை கூட்டமாக வருவது கெடுதல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத ஒன்றுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பழகிய தளம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை, தளத்தைப் பற்றிய அறிவிலிருந்து வருவதில்லை. இதுவரை எதுவும் நடக்கவில்லை என்பதிலிருந்து வருகிறது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்த டான் (Divers Alert Network) என்ற முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பினர், தொடக்கக் காரணம் கண்டறிய முடிந்தவற்றில் 41 சதவீதத்தில் காற்றுப் பற்றாக்குறையே அதுவாக இருந்தது என்றும், 20 சதவீதத்தில் எதிலாவது சிக்கிக்கொண்டது என்றும் கண்டார்கள். காற்று தீர்வது தெரியாத இடத்தில் மட்டும் நடப்பதில்லை. 'இங்கே நாற்பது நிமிடம் தாராளமாக வரும்' என்று சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்க்காமல் விடுகிறவர் அந்த இடத்துக்குப் பலமுறை வந்தவராகத்தான் இருப்பார். சிக்கிக்கொள்ளும் ஆபத்து நம் கரையில் இன்னும் கூடுதல். மீன் கூடும் திட்டில் மீனவர்கள் வலை வீசுவது இயல்பு, கிழிந்த வலை அங்கேயே தங்குவதும் இயல்பு. சென்ற வாரம் இல்லாத நரம்புவலை (மெல்லிய நைலான் இழை வலை) இந்த வாரம் அதே கல்லின் மேல் விரிந்திருக்கும், கலங்கிய நீரில் அது கண்ணுக்கே தெரியாது. பிசிடியின் முன்பக்கம், எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் ஒரு சிறு வெட்டுக்கருவி இல்லாமல் நான் புதுச்சேரியில் இறங்குவதில்லை.

ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறையும்போது குமிழ்களாகி வரும் அழுத்த நோயைப் பற்றியும் இதே எச்சரிக்கை. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் காட்டும் எல்லைக்குள் இருந்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றால் வாய்ப்பு மிகக் குறைவு, சுழியன்று. இதே ஆழத்துக்குப் பலமுறை வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் உடல் பழகிவிட்டது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அன்றைய களைப்பு, உழைப்பு, குளிர் எல்லாம் கணக்கில் வரும். நீர் போதாமை எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை, ஆனால் நம் பக்கத்து மே மாத வெயிலில் பயணம் செய்து வருகிறவர் தண்ணீர் குடிப்பதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றி என் கருத்து இதுதான். மேலே சொன்ன எடைச் சோதனையும் திசைகாட்டிச் சுற்றும் உங்களுக்குக் கைவரும்வரை புதுச்சேரியிலேயே இருங்கள். பேருந்திலோ காரிலோ போய்வரும் தூரத்தில் கடல் இருப்பது வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குக் கிடைத்த வசதி. அதன்பின் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை அந்தமானில் வைத்துக்கொண்டால், 30 மீட்டர் ஆழமும் நீரோட்டமும் ஒரே பயணத்தில் கிடைக்கும். அங்கேயும் ஐந்து நாளில் பத்துத் தளம் என்று அலையாமல், ஒரு தளத்தையாவது மூன்று முறை, முடிந்தால் ஒருமுறை இரவில், கேட்டு வாங்குங்கள். நடத்துநர்கள் முதலில் வியப்பார்கள், பிறகு ஒத்துக்கொள்வார்கள்.

ஏலகிரி விஷயத்தில் தயங்காமல் சொல்கிறேன்: ஞாயிறு மாலை வேண்டாம். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், உடலில் மிஞ்சிய நைட்ரஜன் அப்போதும் குமிழாகலாம். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், வந்தவாசி வழியாக ராணிப்பேட்டை வரை பாதை முழுவதும் 300 மீட்டர் உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் வீடு திரும்புவதில் சிக்கல் இல்லை. ஏலகிரியோ ஆயிரம் மீட்டருக்கு மேல். ஓசூரும் பெங்களூரும் ஏறக்குறைய தொள்ளாயிரம், ஆகையால் திங்கள் காலை வேலைக்கு அங்கே விரைகிறவர்களுக்கும் இது பொருந்தும். டைவுக்குப் பின் விமானத்தில் ஏற டான் அமைப்பு தரும் பரிந்துரை, விமான அறையின் அழுத்தம் 600 மீட்டர் முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்குச் சமமாக இருப்பதைக் கருதியது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அது உலர்ந்த அழுத்த அறைச் சோதனைகளின் அடிப்படையில் வந்தது, வளைவுகள் நிறைந்த மலைப்பாதையை வைத்துச் சோதித்ததில்லை. மலைக்கு அதை நீட்டுவது முன்னெச்சரிக்கை கருதியே. உங்கள் இரண்டு நாள் வழக்கப்படி ஞாயிறு நண்பகலில் கடைசி டைவ் முடிந்தால், 18 மணி நேரம் என்பது திங்கள் காலை ஆறு மணி. என் குடும்பமாக இருந்தால் திங்கள் மதியச் சாப்பாட்டை வீட்டில் முடித்துக்கொண்டு, அதன் பிறகே பொன்னேரியில் மலைப்பாதைக்குத் திரும்புவேன்.